புள்ளி வைத்துச் சொல்லு: தமிழ் பேசும் குழந்தைக்கு ஆங்கில எழுத்தொலி

நான்கு வயதுக் குழந்தை ஏ முதல் இசட் வரை 26 எழுத்தையும் பாட்டாகவே பாடிவிடும். எந்த எழுத்தைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடும். அதே குழந்தை முன்னால் எஸ், ஐ, டி என்று மூன்று அட்டைகளை வரிசையாக வைத்துப் படிக்கச் சொன்னால், “எஸ் ஐ டி” என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். குழந்தைமேல் தவறில்லை. பெயர்களைக் கூட்டினால் சொல் வராது. ஒலிகளைக் கூட்டினால்தான் ‘ஸிட்’ வரும். ஃபோனிக்ஸ் என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. ஆங்கிலத்திலேயே வளரும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கையேடுகள் அவற்றைப் பேசுவதில்லை. அதேபோல் தமிழ்க் குழந்தைக்கு மட்டும் கிடைக்கும் சில வசதிகளும் உண்டு. அதை நாமே கண்டுகொள்வதில்லை.

எழுதும் வசதிக்காக ஓர் ஏற்பாடு. எழுத்தின் பெயரை எஸ், எம் என்று சும்மா எழுதுகிறேன். ஒலியை ‘ஸ்’, ‘ம்’ என்று மேற்கோளுக்குள் எழுதுகிறேன். பி என்று எழுதினால் எந்தப் பி என்று தெரியாது. எனவே பென் என்ற சொல்லில் வருவது பென்-பி, பஸ்ஸில் வருவது பஸ்-பி. பத்துக்கான டென் என்ற சொல்லில் வருவது டென்-டி, நாய்க்கான டாக்கில் வருவது டாக்-டி. இப்படி அடைமொழி போட வேண்டியிருக்கிறதே, பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒட்டிக்கொள்ளும் அகரம்

மெய்யொலிக்குப் பின்னால் ஓர் ‘அ’ ஒட்டிக்கொள்வதுதான் முதல் தவறு. எஸ்ஸுக்கு ‘ஸ’, எம்முக்கு ‘ம’, டென்-டிக்கு ‘ட’ என்று பல காணொளிகளே கற்றுத்தருகின்றன. அப்படிப் பழகிய குழந்தை ‘ஸ-இ-ட’ என்று கூட்டும். அதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘ஸிட்’ ஆகாது. “எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா சேர்த்துப் படிக்க வரல” என்று சொல்லப்படும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு இதுதான் காரணம்.

இதற்கான மருந்து தமிழிலேயே இருக்கிறது. க வேறு, க் வேறு என்பது தமிழ் எழுதப் பழகும் குழந்தைக்குத் தெரியும். ஆங்கில மெய்யெழுத்துக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும். அட்டையின் பின்பக்கத்தில் ஒரு புள்ளியே வைத்துக் காட்டலாம். உயிரெழுத்துகள் ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்துக்கும் புள்ளி கிடையாது.

ஓர் எச்சரிக்கை. தமிழ் மெய்களை ‘இக், இங், இச்’ என்று முன்னால் இகரம் போட்டுச் சொல்லிப் பழகிய குழந்தை, ஆங்கிலத்திலும் ‘இஸ்’, ‘இட்’ என்று ஆரம்பிக்கும். பின்னால் ஒட்டும் அகரத்தை நீக்கப் போய் முன்னால் ஓர் இகரத்தை வாங்கிவிடக் கூடாது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றில் தொடங்கட்டும்.

ஒலிகளில் இரண்டு வகை உண்டு. மூச்சு உள்ளவரை இழுக்க முடிகிறவை எஸ், எம், என், எஃப், எல், ஆர், வி, இசட் ஆகியவற்றின் ஒலிகள். இவற்றை இரண்டு விநாடி இழுத்தே சொல்லிக்கொடுங்கள். டென்-டி, பென்-பி, கே, பஸ்-பி, டாக்-டி, ஜி ஆகியவை வெடித்து நின்றுவிடும், இழுக்க முடியாது. இவற்றில் டென்-டி, பென்-பி, கே மூன்றையும் ரகசியம் பேசுவதுபோலக் கிசுகிசுத்தால் அகரம் ஒட்டவே ஒட்டாது. பஸ்-பி, டாக்-டி, ஜி மூன்றுக்கும் குரல் வேண்டும், கிசுகிசுக்க முடியாது. இவற்றில் ஒரு துளி அகரம் வந்தே தீரும். அதைக் குறுக்கினால் போதும். முற்றிலும் துடைத்தெடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் குழந்தைக்குத் தொண்டைதான் வலிக்கும்.

சொல்லின் கடைசியில் வேறொரு விருந்தாளி வருவார். தமிழ்ச் சொற்கள் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘பாட்டு’, ‘உப்பு’, ‘நாக்கு’ என்று குற்றியலுகரத்தில் முடியும். அந்தப் பழக்கத்தில்தான் பஸ்ஸு, கப்பு, நெட்டு எல்லாம் பிறக்கின்றன. பேச்சில் இது பெரிய குற்றமில்லை. எழுத்தொலி கற்கும்போது மட்டும் இடைஞ்சல்: ‘கப்பு’ என்று காதில் விழுந்தால், கடைசியில் யூ என்ற எழுத்தைப் போட வேண்டுமோ என்று குழந்தைக்குத் தோன்றும். “கடைசில புள்ளி!” என்ற ஒற்றைச் சொல்லைப் பழக்கிவையுங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

எந்த எழுத்து முதலில்

ஏ, பி, சி வரிசையில் போகாதீர்கள். அந்த வரிசையின் முதல் நான்கு எழுத்துகளை வைத்து உருப்படியாக நான்கைந்து சொற்களுக்கு மேல் தேறாது. போதாததற்கு பஸ்-பியும் டாக்-டியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பரவலாகப் பின்பற்றப்படும் முதல் தொகுதி எஸ், ஏ, டென்-டி, பென்-பி, ஐ, என். இந்த ஆறிலிருந்தே ஸிட், டின், பின், டிப், இன், இட் என்று இரண்டு, மூன்று எழுத்துச் சொற்கள் 20-க்குக் குறையாமல் வந்துவிடும். வடிவத்திலும் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக் குழம்ப வாய்ப்புக் குறைவு. அடுத்து எம், டாக்-டி, ஜி, ஓ, சி, கே. பிறகு இ, யூ, ஆர், எச், பஸ்-பி, எஃப், எல். கடைசியில் ஜே, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட், க்யூ. டாக்-டி நன்றாகப் பதிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே பஸ்-பி வருவதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே வைத்த இடைவெளி.

சின்ன எழுத்துகளே முதலில். கண்ணில் படும் பக்கத்தில் பெரும்பாலானவை அவைதான். குழந்தை தன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதக் கற்றுக்கொண்டால் போதும், மற்ற பெரிய எழுத்துகள் பின்னால் தானே வந்து சேரும்.

வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று புதிய ஒலிகள் போதும். ஆறு ஒலிகள் தெரிந்ததும் கூட்டிப் படிப்பதைத் தொடங்கிவிட வேண்டும். 26-ம் முடியட்டும், பிறகு சேர்த்துப் படிக்கலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விரயம். அதற்குள் குழந்தைக்கு இது அட்டை பார்த்துப் பெயர் சொல்லும் விளையாட்டாகிவிடும்.

ஒரு நாள் பாடம்

மொத்தம் 12 நிமிடம், அதிகம் போனால் 15. முதல் 2 நிமிடம் பழைய அட்டைகள். காட்டியவுடன் ஒலி வந்தால் ஒரு பக்கம், யோசித்துச் சொன்னால் இன்னொரு பக்கம். யோசித்தவை மறுநாள் முதலில் வரும். உடனே சொன்னவை வாரம் ஒருமுறை வந்தால் போதும்.

அடுத்த 3 நிமிடம் புதிய ஒலி, காதுக்கு மட்டும். எழுத்தைக் காட்ட வேண்டாம். அந்த ஒலியில் தொடங்கும் நான்கைந்து பொருள்கள், தொடங்காத ஒன்று. எது சேராது என்று குழந்தை எடுத்துப் போடட்டும். கையில் ஒரு கண்ணாடி கொடுத்து, உதடும் பல்லும் என்ன செய்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எழுத்து. விரலால் மணலிலோ மேசையிலோ எழுதும்போது வாய் ஒலியைச் சொல்ல வேண்டும், பெயரை அல்ல. மூன்று முறை போதும்.

மீதி நேரம் முழுதும் படிப்பும் எழுத்தும். பழைய எழுத்துகளோடு புதியதைச் சேர்த்து ஐந்து சொல் படிக்கவும், இரண்டு சொல் கேட்டு எழுதவும் வேண்டும். நேரம் போதாமல் போனால் எதை வெட்டலாம்? மணல், வண்ணம் தீட்டுதல், ஒட்டும் வேலை எல்லாவற்றையும் வெட்டுங்கள். படிப்பதையும் எழுதுவதையும் வெட்டாதீர்கள். எஸ் வடிவத்தில் பாம்பு செய்து அரை மணி நேரம் வண்ணம் அடித்தால், குழந்தை பாம்பு செய்யத்தான் கற்றுக்கொள்ளும்.

எழுத்துக் கூட்டல்

இதற்கு ‘எழுத்துக் கூட்டிப் படிப்பது’ என்று அழகான பெயர் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அட்டை தொடுவதற்கு முன் ஒரு வாரம் வாயால் மட்டும் விளையாடுங்கள். “அந்த க்-அ-ப் எடுத்துட்டு வா.” “உன் ப்-எ-ன் எங்கே?” பிரித்துச் சொன்னதைக் குழந்தை மனத்தில் சேர்த்துப் பொருளை எடுத்து வந்தால், காது தயார் என்று பொருள். எடுத்து வரவில்லையென்றால் இரண்டு ஒலிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சொற்களில் நடுவே ஐ என்ற எழுத்து இருக்கட்டும். அதன் ஒலி தமிழ் ‘இ’-தான், தனியாகப் பழக்க வேண்டியதில்லை. முதல் எழுத்து இழுக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆகவே ஸிட். மூன்று அட்டைகளை ஒரு விரற்கடை இடைவெளியில் வைத்து, கீழே விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

“இது?”

“ஸ்ஸ்ஸ்.”

“இது?”

“இ.”

“நிறுத்தாம ரெண்டையும் சொல்லு பாப்போம்.”

“ஸ்… இ.”

“நடுவுல மூச்சு விடாத. என் விரலோடயே வா.”

“ஸ்ஸ்ஸ்ஸி…”

“அப்படித்தான்டா கண்ணு. இப்ப கடைசி அட்டை.”

“ஸ்ஸ்ஸி… டு. ஸிட்டு.”

“கடைசில புள்ளி!”

“ஸிட்!”

இந்த உரையாடலில் முக்கியமான இடம், விரலோடு குரலும் அறுபடாமல் போவது. ‘ஸ்’ நின்று, மௌனம் வந்து, பிறகு ‘இ’ வந்தால், மூன்றாவது ஒலிக்குப் போவதற்குள் முதல் ஒலி மறந்துவிடும். குழந்தை ‘ஸ்-இ-ட்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு ‘டிப்’ என்று எதையோ சொன்னால், மறதிதான் காரணம், கவனக்குறைவு அல்ல. உடனே மூன்றாவது அட்டையை எடுத்துவிட்டு ‘ஸி’ வரை மட்டும் பத்துத் தடவை படிக்கவைத்து, பிறகு ‘ட்’ சேருங்கள்.

முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரே துண்டாக்குவது தமிழ்க் குழந்தைக்குப் புதிதல்ல: ப் கூட இ சேர்ந்தால் பி, ன் கூட இ சேர்ந்தால் னி. உயிர்மெய் அட்டவணை தெரிந்த குழந்தையிடம் “இது ப், இது இ, சேர்ந்தா?” என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஆங்கிலக் கையேடுகள் பலவற்றில் முதல் எழுத்தைத் தனியாகவும் மீதியை ஒரே துண்டாகவும் பிரித்து ‘ப்–இன், ட்–இன்’ என்று குடும்பம் குடும்பமாகப் படிக்கவைப்பார்கள். தமிழ் பேசும் குழந்தைக்கு ‘பி–ன், டி–ன்’ என்று முன்பக்கத்தைச் சேர்ப்பதே இயல்பாக வருகிறது. அதையே முதலில் பிடியுங்கள்.

உயிர் போகும் உயிரொலிகள்

அதிக நாள் எடுக்கும் பகுதி இதுதான்.

யூ என்ற எழுத்தின் குறுகிய ஒலி தமிழ் ‘அ’-தான்: கப், ஸன், பஸ். ஏ என்ற எழுத்தின் குறுகிய ஒலியோ ‘அ’ அல்ல. எறும்புக்கான ஆன்ட் என்ற சொல்லின் முதலில் வருவது அது. தமிழில் அதற்கு எழுத்தே இல்லை. ஆனால் தமிழ்க் குழந்தை பார்க்கும் ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்து எங்கும் ‘அ’-வாகத்தான் நிற்கிறது. வீட்டில் கமலா, கண்ணன், மணி என்று யார் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் அகரத்துக்கு ஏ-தான் போடுகிறோம். அதனால்தான் ‘கப்’ எழுதச் சொன்னால் குழந்தை சி-ஏ-பி என்று எழுதுகிறது. அது தொப்பிக்கான சொல்லாகிவிடும். பெயர் எழுதும் வழக்கு வேறு, ஆங்கிலச் சொல் எழுதும் வழக்கு வேறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான்கு வயதில் புரியுமா என்றால், புரிகிறது.

அந்த ஏ ஒலியை எப்படி வரவழைப்பது? ‘எ’ சொல்ல ஆரம்பித்து, அப்படியே தாடையைக் கீழே இறக்கினால் வந்துவிடும். மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்து, பின், பென், பேன் என்று மூன்று சொல்லையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது சொல் சமையல் சட்டிக்கான சொல். முதல் சொல்லில் கை அசையாது, இரண்டாவதில் கொஞ்சம் இறங்கும், மூன்றாவதில் நன்றாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழந்தை தமிழ் ‘ஏ’ சொல்கிறது என்று பொருள். அப்போது அந்தச் சொல் வலி என்று பொருள்படும் சொல்போல ஒலிக்கும்.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழில் உச்சரிப்பு எழுதிவைப்பது. பூனைக்கும் வாசற்கதவுக்கும் ‘கேட்’ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். குத்தூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’. குழந்தையின் கண் எளிதானதை நோக்கிப் போய்விடும். தமிழைப் படித்துவிட்டு ஆங்கிலம் படித்ததாக எண்ணிக்கொள்ளும். இந்தக் கட்டுரைக்கு வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறேன். குழந்தையின் நோட்டில் ஒரு சொல்கூட அப்படி வேண்டாம்.

இ என்ற எழுத்தின் ஒலி தமிழ் ‘எ’. நடுவில் வந்தால் தொல்லையில்லை: பென், நெட், டென். முதலில் வந்தால் யகரம் ஒட்டும். எது, எங்கே என்பதையே பேச்சில் ‘யெது’, ‘யெங்கே’ என்கிறோமே, அதே வழக்கில் முட்டைக்கான சொல் ‘யெக்’ ஆகிறது. பின்னால் ஒய் என்ற எழுத்தின் ‘ய்’ ஒலி வரும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே இந்த எழுத்துக்கு மட்டும் நடுவில் வரும் சொற்களை முதலில் படிக்கவைத்து, ஒரு வாரம் கழித்து முதலில் வரும் சொல்லுக்குப் போங்கள். வாயை ‘எ’ வடிவத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு குரல் கொடுத்தால் யகரம் வராது.

ஓ-வின் குறுகிய ஒலிக்கு, ‘ஆ’ சொல்வதுபோல வாயைத் திறந்து, உதட்டை மட்டும் வட்டமாக்கி, சட்டென்று நிறுத்த வேண்டும். அவ்வளவே.

இவ்வளவு சிரமத்துக்கு ஈடாக ஓர் ஆறுதல். குறில் நெடில் வேறுபாடு தமிழ்க் காதில் ஊறியது. கப்பலுக்கான ‘ஷிப்’, ஆட்டுக்கான ‘ஷீப்’ இரண்டையும் பிரித்தறிய மற்ற மொழிக் குழந்தைகள் பலர் திணறுவார்கள். தமிழ்க் குழந்தை ஒரே தடவையில் பிடித்துவிடும்.

பம்பரம் தரும் விடை

இப்போது இரண்டு பி-க்கள். ப, த, க, ட ஆகியவற்றுக்குத் தமிழில் ஆளுக்கு ஓர் எழுத்து. அதிர்வுள்ள ஒலியும் இல்லாத ஒலியும் அதே எழுத்துக்குள் இருக்கும். இடம் பார்த்து நாமே மாற்றிச் சொல்கிறோம். அதனால் குழந்தைக்குத் தமிழில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தேவையே வந்ததில்லை. ஆனால் வாய்க்கு இரண்டும் தெரியும். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப பென்-பி. ம்-க்கு அடுத்த ப பஸ்-பி. ‘வட்டம்’ சொல்லும்போது வருவது டென்-டிக்குப் பக்கம், ‘வண்டி’ சொல்லும்போது வருவது டாக்-டிக்குப் பக்கம். ‘பக்கம்’ கே, ‘பங்கு’ ஜி. இரட்டித்தால் வெறும் காற்று. மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வு.

குழந்தையின் இரண்டு விரலைத் தொண்டையில் வைத்து “ம்ம்ம்ப” என்று சொல்லவைத்து, அந்த அதிர்வோடு ம்-ஐ மட்டும் மெல்ல விட்டுவிட்டால் பஸ்-பி தனியாக நிற்கும். பென்-பிக்கு உதட்டின் முன் மெல்லிய தாள் துண்டைப் பிடித்து, அது ஆடும்படி காற்றை ஊதிச் சொல்லச் சொல்லுங்கள். பஸ்-பிக்குத் தாள் அவ்வளவாக ஆடாது. தாள் விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பத்து நாளில் காதும் பிடித்துக்கொள்ளும். டென்-டியை நாக்கை மடக்கித் தமிழ் ‘ட்’ மாதிரியே சொன்னால் விட்டுவிடுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

எஃப்புக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மின்விசிறி ‘பேன்’ ஆகிவிடும். வி-க்கும் அதே நிலை, கூடவே குரல். டபிள்யூவுக்குப் பல் தொடவே கூடாது, ஊதுவதுபோல உதடு குவிய வேண்டும். இசட், ‘ஸ்’ சொல்லிக்கொண்டே தொண்டையில் குரலைச் சேர்த்தால் வரும் தேனீ ஒலி.

பஸ்-பி, டாக்-டி வடிவக் குழப்பம் தனிக் கதை. ஐந்து, ஆறு வயதில் திருப்பி எழுதுவது சகஜம், பதற வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘வித்தியாசம் பார்’ என்று காட்டுவதுதான் குழப்பத்தை நிரந்தரமாக்கும். பஸ்-பிக்குக் கை முதலில் கோடு போடுகிறது, டாக்-டிக்கு முதலில் வட்டம் போடுகிறது. எழுதும் வரிசை மாறாமல் இருந்தால் கையே நினைவு வைத்துக்கொள்ளும்.

சுவரில் தொங்கும் அட்டவணை

கடையில் கிடைக்கும் எழுத்து அட்டவணையை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஐ எழுத்துக்கு ஐஸ்கிரீம் இருந்தால் அது எழுத்தின் பெயர், நாம் கற்பிக்கும் ஒலி அல்ல. ஜி-க்கு ஒட்டகச்சிவிங்கி இருந்தால் ஒலி ‘ஜ்’. சி-க்கு நாற்காலி இருந்தால் ‘ச்’, எஸ்-ஸுக்குக் கப்பல் இருந்தால் ‘ஷ்’. இவற்றில் எதுவும் அந்த எழுத்தின் முதல் ஒலி இல்லை. ஏ-வுக்கு ஆப்பிள் ஆங்கிலத்தில் சரி. ஆனால் நம் வாயில் அது ‘ஆ’-வில் தொடங்குவதால் இங்கே உதவாது, எறும்பை ஒட்டுங்கள். எக்ஸ்-ஸுக்குச் சைலஃபோன் எந்த அட்டவணையிலும் இருக்கும். எக்ஸின் ‘க்ஸ்’ ஒலி அதில் இல்லவே இல்லை. அந்த ஒலி சின்னச் சொற்களில் பெரும்பாலும் கடைசியில்தான் கிடைக்கும், பாக்ஸ் படம் போதும். தவறான படத்தின்மேல் சரியான படத்தை வரைந்து ஒட்டிவிட்டால் அட்டவணை பிழைத்துவிடும்.

26-க்குப் பிறகு

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. உச்சரிப்பு வழக்கைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஆகவே இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் இடங்கள் வரத்தான் செய்யும். எஸ்-எச் சேர்ந்து ‘ஷ்’, சி-எச் சேர்ந்து ‘ச்’, டென்-டியும் எச்சும் சேர்ந்து ‘த்’, இரண்டு இ சேர்ந்து ‘ஈ’, இரண்டு ஓ சேர்ந்து ‘ஊ’. இரண்டு எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதுங்கள், தனித்தனி அட்டைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். தமிழ் ச ஒன்றே ‘ஸ்’, ‘ச்’ இரண்டு வேலையையும் பார்ப்பதால் ஸிப், சிப், ஷிப் மூன்றையும் பிரித்துக் கேட்கும் பயிற்சி மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். என்-ஜி சேர்ந்தால் ‘ங்’. தமிழில் ங்-க்குப் பின் ககரம் வந்தே பழக்கம், எனவே பாடு என்ற பொருளுள்ள சொல் ‘ஸிங்கு’ ஆகும். மீண்டும் “கடைசில புள்ளி”தான்.

விதிக்கு அடங்காத சில சொற்கள் எல்லாப் பக்கத்திலும் வரும்: தி, டு, வாஸ், ஸெட். இவற்றைப் படம்போல மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். வாஸ் என்ற சொல்லில் முதல் எழுத்து ஒழுங்காகத்தான் ஒலிக்கிறது. ஏ-வும் எஸ்ஸும் மட்டும் வழி மாறுகின்றன. அந்த இரண்டின் கீழ் மட்டும் கோடு போட்டு, “இது இங்க வேற மாதிரி பேசும்” என்று சொன்னால் போதும். வாரத்துக்கு இரண்டு சொல்.

கதைப் புத்தகம் கொடுக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகித்துச் சொல்வதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ‘பென்’ என்று எழுதியிருக்கும், படத்தில் பென்சில் இருந்தால் ‘பென்சில்’ என்பார்கள். படத்தைக் கையால் மூடிப் படிக்கவைத்துவிட்டு, பிறகு படத்தைக் காட்டுங்கள். உண்மையிலேயே எழுத்துக் கூட்டுகிறதா என்று அறிய அர்த்தமில்லாத சொற்களே சிறந்த சோதனை: விப், நெம், டிஃப். இவற்றை நினைவிலிருந்து சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள். அவற்றில் 20 இப்படி இட்டுக்கட்டியவை. அவற்றின் பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும், இது அந்தப் பிராணியின் பெயர் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. வீட்டிலும் அப்படி ஒரு பூதம் வரைந்து பெயர் வைக்கலாம். ஆனால் வாரம் ஐந்தாறு சொல்லுக்குமேல் வேண்டாம், இது சோதிக்கத்தான்.

எழுதியதைப் படிப்பது

படிப்பதில் மறைந்திருக்கும் குறை எழுத்தில் வெளியே வந்துவிடும். ஒரு தாளில் மூன்று கட்டம் வரைந்து, சொல்லைக் கேட்டதும் ஒலிக்கு ஒரு பொத்தான் வீதம் கட்டத்தில் நகர்த்தவைத்து, பிறகு பொத்தான் இருந்த இடத்தில் எழுத்தை எழுதவையுங்கள். ‘ஷிப்’ சொல்லுக்கும் மூன்று கட்டம்தான். ‘ஷ்’ ஒரே கட்டத்துக்குள் இரண்டு எழுத்தாகக் குந்திக்கொள்ளும்.

வரும் பிழைகள் ஒவ்வொன்றும் ஒரு தகவல். நனைந்த என்ற பொருளுள்ள ‘வெட்’ சொல்லை ஒய் போட்டுத் தொடங்கினால், ஒய்-யின் பெயரைக் குழந்தை ‘வை’ என்று கேட்டிருக்கிறது, பெயரிலிருந்து ஒலி தேடுகிறது. ‘சிப்’ சொல்லுக்கு எச் மட்டும் எழுதினாலும் அதே காரணம், எச்சின் பெயர் ‘ச்’-சில் முடிகிறது. இரண்டுக்கும் அட்டைப் பயிற்சிக்குத் திரும்பி, அந்த எழுத்துகளை ஒலியால் மட்டும் அழைக்க வேண்டும். ‘கப்’ சொல்லில் ஏ வந்தால் உயிரொலிப் பயிற்சி. ‘பின்’ சொல்லில் இரண்டு பி-யும் இடம் மாறினால் தாள் துண்டு. கடைசியில் யூ வந்தால் புள்ளி. பல வாரம் பயிற்சி கொடுத்தும் ‘ஸ்’, ‘ஃப்’, ‘த்’ போன்ற காற்றொலிகளை மட்டும் மாற்றி மாற்றி எழுதினால், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையாகவும் இருந்தால், பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள்.

அந்தத் தாளில் சிவப்புக் கோடு போட வேண்டாம். மூலையில் தேதியை மட்டும் எழுதி எடுத்துவையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே பத்துச் சொற்களை மறுபடி சொல்லி எழுதவைத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த மாதம் எந்த ஒலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.